அரசு வழக்கு நடத்தப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. தேர்வாணையப் பட்டியலில் உன் பெயர் வந்துவிட்டதென்று அக்கா சொன்னாள். உதவி அரசு வழக்கு நடத்துநர். நம் வீட்டில் கோர்ட்டுச் சம்பளம் வாங்கியவன் இதுவரை நான் ஒருவன்தான். நானும் கட்டு தூக்கி, சாட்சி கூப்பிட்டு, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். வழக்கை நடத்தப் போகிற முதல் ஆள் நீ. சந்தோஷம் தாயி.

அன்றைக்குப் போனில் ஒன்று கேட்டாய். "ஆளுங்கட்சிக்காரங்க மேல கேஸ் வந்தா நான் என்ன மாமா பண்ண முடியும்? எப்படியும் விட்டுருவாங்க. நான் மட்டும் எதுக்கு முட்டி மோதணும்?" இதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எப்படியும் விட்டுவிடுவார்கள், சரி. யார் விடுகிறார்கள்? நீ சொல்லும்போது கோட்டையில் உட்கார்ந்து ஒருவர் உத்தரவு போடுவது போலத் தொனிக்கிறது. அப்படியும் நடக்கும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வழக்குக் கட்டுகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த உத்தரவு எந்தக் கட்டிலும் இருக்காது. கட்டில் இருப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். எழுதாமல் விட்ட ஒரு பெயர், எதிர்க்காமல் விட்ட ஒரு ஜாமீன் மனு, கேட்காமல் விட்ட நாலு கேள்வி, போடாமல் விட்ட மேல்முறையீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி உண்டு, நாற்காலியில் ஒரு மனிதர் உண்டு. இனி அதில் ஒரு நாற்காலி உன்னுடையது.

உனக்குத் தெரிந்த இரண்டு வழக்குகளையே எடுத்துக்கொள்வோம்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறை என்று சென்னையில் தீர்ப்பு. அன்று தி.மு.க. ஆட்சி; அ.தி.மு.க. எதிர்க்கட்சி. தீர்ப்பைக் கண்டித்து அ.தி.மு.க.வினர் மறியல் நடத்திய தருமபுரி இலக்கியம்பட்டியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்த பேருந்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே மாணவிகள். மூன்று பிள்ளைகள் வெளியே வரவில்லை. உன்னைவிட இளையவர்கள்.

நீ கவனிக்க வேண்டியது அதற்கப்புறம் நடந்ததை. 2001 மே மாதம் ஆட்சி அ.தி.மு.க.வுக்கு மாறியது. கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். நட்டநடு ரோட்டில், பட்டப்பகலில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை என்றானது. இறந்த பெண் ஒருத்தியின் தகப்பனார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இந்த விசாரணை வேண்டாம், வேறு ஊரில் புதிதாக நடத்துங்கள் என்று கேட்டார். 2003இல் வழக்கு சேலத்துக்கு மாறியது. 2007இல் அங்கே மூவருக்குத் தூக்குத் தண்டனையும் மேலும் 25 பேருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தன. அந்த மனிதர் "எப்படியும் விட்டுருவாங்க" என்று வீட்டில் இருந்திருந்தால் சேலம் தீர்ப்பு கிடையாது.

இரண்டாவது, நம் மதுரையில். 2007 மே 9. தினகரன் நாளிதழ் ஒரு கருத்துக்கணிப்பு போட்டது. கருணாநிதிக்கு அடுத்து யார் என்ற கேள்விக்கு ஸ்டாலின் என்றவர்கள் 70 சதவீதம், அழகிரி என்றவர்கள் 2 சதவீதம். காலையிலேயே தெருவில் பத்திரிகைக் கட்டுகள் எரிந்தன. பிறகு அலுவலகத்துக்குள் பெட்ரோல் குண்டு விழுந்தது. வேலைக்கு வந்திருந்த மூன்று பேர் செத்தார்கள். ஆண்டது தி.மு.க.; பத்திரிகையை நடத்தியது முதல்வரின் சொந்தக் குடும்பம். போலீஸ் அங்கேயே நின்றது. விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது.

இனி தேதிகளை மட்டும் வரிசையாக வைத்துப் பார். 2008 டிசம்பரில் அந்தக் குடும்பம் சமாதானமானது. 2009இல் அழகிரி மத்திய அமைச்சரானார். 2009 டிசம்பரில் மதுரை நீதிமன்றம் 17 பேரையும் விடுதலை செய்தது. அழகிரி அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, அதையும் குறித்துக்கொள். ஒன்றால் இன்னொன்று நடந்தது என்று நான் சொல்லவில்லை. குடும்பம் ஒன்றுசேர்ந்தது, சாட்சிகள் பிறழ்ந்தார்கள், செத்த மூவரும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் உறவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இறந்தவர் ஒருவரின் தாய் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டார். பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்ற உரிமை சட்டத்தில் அமலுக்கு வந்தது 2009 டிசம்பர் 31. தீர்ப்பு வந்ததோ அதே மாதத் தொடக்கத்தில், அதனால் அவருக்குச் சீராய்வு வழிதான் இருந்தது. சி.பி.ஐ.யும் மேல்முறையீடு செய்தது. 2019 மார்ச்சில் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பணியில் இருந்த காவல் அதிகாரி ஒருவரையும் குற்றவாளி என்றது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் "எப்படியும்" என்ற உன் கணக்கு அங்கேயும் பொய்த்தது.

இவையெல்லாம் செசன்ஸ் வழக்குகள், என்னிடம் வராது என்பாய். உண்மைதான். நீ உட்காரப்போவது மாஜிஸ்திரேட் கோர்ட்டில். உன்னிடம் வரப்போவது பஸ் கண்ணாடி உடைப்பு, போஸ்டர் கிழித்த தகராறு, வாக்குச்சாவடி அடிதடி, கடையை அடைக்கச் சொல்லி மிரட்டியது. ஆளுங்கட்சிக் கொடி கட்டிய கார் முதன்முதலில் சட்டத்தோடு உரசுவது அங்கேதான். கண்ணாடியை உடைத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவன் பெட்ரோல் கேனைத் தூக்குகிறான். அவன் சட்டப் புத்தகம் படிப்பதில்லை. போன தடவை யாருக்கு என்ன நடந்தது என்பதுதான் அவன் படிக்கும் சட்டம்.

அந்தச் சின்ன வழக்குகள் எப்படிச் சாகின்றன என்று சொல்கிறேன். முதல் வழி, தாமதம். 2024 ஜூலைக்கு முன்பிருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் ஓராண்டுக்குள்ளும், மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டுக்குள்ளும் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, பேப்பரிலும் செய்தி வந்தாயிற்று, ஊர் சமாதானமாகிவிடும். குற்றப்பத்திரிகை மட்டும் ஸ்டேஷன் பீரோவில் தூங்கும். கெடு தாண்டியதும் வழக்கு தானாகச் செத்துவிடும். யாரும் யாரையும் விட்டதாக ஒரு காகிதம்கூட இருக்காது. புதிய சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவான தேதிதான் கெடுவுக்குக் கணக்கு; ஆனாலும் பீரோவில் தூங்கும் குற்றப்பத்திரிகை வழக்கைக் கெடுக்காமல் விடாது. ஆகவே நீ சேர்ந்த முதல் வாரமே ஒரு நோட்டுப் போடு. உன் கோர்ட்டுக்கு உட்பட்ட ஸ்டேஷன்களில் எந்த வழக்கில் குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை என்று எழுதி வை. அவ்வப்போது இன்ஸ்பெக்டருக்கு எழுத்து மூலமாக நினைவூட்டு. நகல் உன் கோப்பில் இருக்கட்டும்.

இரண்டாவது வழி, சாட்சி. இதை நான் கிட்ட இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். தேர்தல் நாள் அடிதடி வழக்கு ஒன்று. சாவடிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் முக்கியச் சாட்சி. முதல் வாய்தாவுக்குக் கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டையோடு ஒன்பதரைக்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, தள்ளிவைப்பு. அடுத்த தடவை குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் வரவில்லை. அதற்கடுத்து, கேஸ் டைரி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "நீ போய்ட்டு சம்மன் வந்தா வாப்பா" என்று அனுப்பிவைத்தார்கள். இதற்குள் ஆட்சி மாறியது. அடிபட்டது எந்தக் கட்சியோ அது வீட்டுக்குப் போனது, அடித்தது எந்தக் கட்சியோ அது கோட்டைக்குப் போனது.

கடைசியாக அவர் சாட்சி சொல்ல வந்தபோது கூடவே இரண்டு வெள்ளை வேட்டிக்காரர்கள் வந்தார்கள். மிரட்டவெல்லாம் இல்லை. வராந்தாவில் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, குடும்ப விஷயம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கூண்டில் ஏறினார். "நான் கடைக்கு உள்ள இருந்தேங்கய்யா. சத்தம் கேட்டு வெளிய வந்தேன். யாரும் இல்ல." போலீசில் வாக்குமூலம் கொடுத்தாயா? "இல்ல." அரசு வக்கீல் எழுந்து, பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி வேண்டும் என்றார். கிடைத்தது. "நீ குற்றவாளிகளோடு சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறாய் என்கிறேன்." "இல்லை." அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம். நான்தான் சாட்சியத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். அவர் முகத்தில் பயமே இல்லை. கோர்ட்டே வேண்டாம் என்ற சலிப்புத்தான் இருந்தது.

அந்தச் சாட்சியை வெள்ளை வேட்டிக்காரர்கள் கெடுத்ததாக நினைக்காதே. முதல் வாய்தாவிலேயே நாம் அவரை இழந்துவிட்டோம். சாட்சி வந்து நிற்கும்போது விசாரிக்காமல் தள்ளிவைக்கக் கூடாது, தள்ளினால் காரணத்தை எழுத வேண்டும் என்பது சட்டம். எதிர்த்தரப்பு வாய்தா கேட்டபோது அரசு வக்கீல் எழுந்து அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். அவர் பிறழ்ந்த பிறகும் கேட்கக் கேள்விகள் இருந்தன. கடை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? உள்ளே இருந்து சாவடி வாசல் தெரியுமா? யாரும் இல்லை என்றால் அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தது யார்? பிறழ் சாட்சி சொன்னதெல்லாம் குப்பை என்று சட்டம் சொல்லவில்லை. நம்பத்தகுந்த பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நீ கேட்டுப் பதிவு செய்தால்தானே மேலே இருக்கிற நீதிபதிக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்?

இது சின்ன கோர்ட்டுச் சமாசாரம் என்று நினைத்துவிடாதே. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில், அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு 76 அரசுச் சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். 2003 நவம்பரில் அந்த வழக்கைப் பெங்களூருக்கு மாற்றிய உச்ச நீதிமன்றம், சாட்சிகளைக் குறை சொன்னதோடு நிற்கவில்லை. அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கவோ, குறுக்கு விசாரணை செய்யவோ அரசு வழக்கறிஞர் முயலவே இல்லை என்பதை எடுத்துச் சொன்னது. அது ஊழல் வழக்கு, அடிதடி இல்லை. ஆனால் வழக்கு படுக்கும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். அந்தத் தீர்ப்பைத் தேடிப் படி. தான் எழுந்திருக்காததற்காக ஓர் அரசு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றிருப்பதைப் பார்.

மூன்றாவது வழி, வழக்கு வாபஸ். ஆட்சி மாறியதும் "அரசியல் காழ்ப்புணர்ச்சியால் போடப்பட்ட வழக்குகள்" என்று ஒரு பட்டியல் வரும். அதில் சில உண்மையிலேயே அப்படிப்பட்டவைதான். சாலையில் உட்கார்ந்து கோஷம் போட்டவர்கள் மேலெல்லாம் வழக்கு இருக்கும். அவற்றோடு சேர்த்து, மண்டையை உடைத்தவன் வழக்கையும் பட்டியலில் நைசாகச் செருகுவார்கள். இங்கே சட்டம் உன் கையில் ஓர் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. வாபஸ் மனு போட வேண்டியது அரசு வழக்கு நடத்துபவர். அவர் தன் அறிவைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும், நீதிமன்றமும் சம்மதிக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதி தரக் கூடாது என்றே எழுதிவிட்டார்கள். எம்.பி., எம்.எல்.ஏ. மேலுள்ள வழக்கு என்றால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அச்சடித்த மனுவை நீட்டி, "மேடம், ஒரு கையெழுத்து" என்பார்கள். ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் படிக்காமல் போடாதே. கோஷம் போட்டவனுக்குப் போடு, மண்டையை உடைத்தவனுக்குக் காரணம் எழுதித் திருப்பி அனுப்பு.

உன் கைக்கு எட்டாத வழியும் ஒன்று உண்டு. தருமபுரி வழக்கில் தூக்கு பெற்ற மூவருக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. தூக்குக் கயிறு நீதி என்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை. 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி அவர்களை அ.தி.மு.க. அரசு விடுதலை செய்தது. ஆளுநர் ஒருமுறை கோப்பைத் திருப்பியும், அரசு மறுபடி அனுப்பி வாங்கியது. மேலவளவு வழக்கைப் பார். பட்டியல் சாதிக்காரர் ஒருவர் ஊராட்சித் தலைவரானதற்காக 1997இல் அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிப் போட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008இல் அண்ணா நூற்றாண்டில் வெளியே வந்தார்கள், 13 பேர் 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டில் வந்தார்கள். ஒரு தலைவர் பெயரால் ஓர் அரசு, இன்னொரு தலைவர் பெயரால் இன்னோர் அரசு. ஆயுள் கைதிகளைக் காலமெல்லாம் அடைத்து வை என்று சொல்பவன் நான் இல்லை. ஆளே இல்லாத எத்தனையோ ஏழைக் கைதிகள் உள்ளே நரைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். விடுதலைக்கு ஒரு விதி இருக்கட்டும், அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன்.

இதை எழுதும்போது உன் அப்பா நினைவு வருகிறது. மாப்பிள்ளை நாற்பது வருஷமாக ஒரே கரை வேட்டி. நல்ல மனுஷன், கட்சிக்காகக் கைக்காசைச் செலவழித்தவர், யாரையும் ஒரு சொல் தப்பாகப் பேசாதவர். அவரிடம் தருமபுரியைப் பற்றிக் கேட்டால் கண் கலங்கப் பேசுவார். தினகரன் பற்றிக் கேட்டால், "அது வேற விஷயம் மச்சான்" என்பார். எதிர் வீட்டு அண்ணாச்சி அப்படியே தலைகீழ். இந்த ஊரில் பெரும்பாலோருக்குப் பாதி வழக்குதான் ஞாபகம் இருக்கும். பேருந்துக்குள் இருந்த பிள்ளைகளும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன்களும் யார் ஓட்டுக்கும் உரியவர்கள் இல்லாததால் மேடைக்கு மட்டுமே பயன்படுகிறார்கள். உன் ரத்தத்திலும் அப்பாவின் கட்சி ஓடும், ஓடட்டும். கட்டைத் திறக்கும்போது மட்டும் ஒன்று செய். குற்றம் சாட்டப்பட்டவரின் கட்சியை மனதுக்குள் மாற்றி வைத்துப் படித்துப் பார். அப்போதும் இதே ஜாமீனுக்கு இதே பதிலைத்தான் சொல்வாயா? ஆமாம் என்றால் எழுந்து சொல். இல்லை என்றால் மறுபடி படி.

பயமாக இருக்குமா என்றால், இருக்கும். உன்னை யாரும் வெட்டப் போவதில்லை, அந்தப் பயம் சாட்சிகளுக்கு உரியது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் மனு போடலாம் என்று சாட்சிகளுக்குச் சொல்ல வேண்டியது உன் வேலைகளில் ஒன்று. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் முன்கூட்டியே பதிவானால் சாட்சியின் மேல் இருக்கும் அழுத்தம் கொஞ்சம் குறையும். அதற்கும் விசாரணை அதிகாரியை விரட்டு.

உனக்கு வரக்கூடியது வேறு. "மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்ற பெயர் வரும். ராமநாதபுரம் கடலோரத்துக்கு மாற்றல் வரும். பதவி உயர்வுப் பட்டியலில் கோப்பு கொஞ்சம் தாமதமாகும். கல்யாண வீட்டில் ஒன்றியச் செயலாளர் உன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். இதெல்லாம் வலிக்கும். வலிக்காது என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், வீரம் காட்டாதே. மேடைப் பேச்சு வேண்டாம், பேட்டி வேண்டாம், வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் காகிதத்தில் செய். எதிர்ப்பா, எழுத்தில் கொடு. வாய்மொழியாக யாராவது ஒன்று சொன்னால், "தாங்கள் கூறியபடி" என்று ஆரம்பித்து அவருக்கே ஒரு கடிதம் போடு. முக்கால்வாசிப் பேர் அதோடு சொன்னதை மறந்துவிடுவார்கள். விடுதலைத் தீர்ப்பு வந்தால், மேல்முறையீட்டுக்கு உரியதா என்ற உன் கருத்தை ஒற்றை வரியில் முடிக்காமல், சாட்சி சாட்சியாகக் காரணம் எழுது. அரசு அதை ஏற்காமல் போகலாம். பாதிக்கப்பட்டவர் தானே மேல்முறையீடு செய்யும் நாளில் அவருடைய வக்கீலுக்கு உன் குறுக்கு விசாரணைதான் கையில் இருக்கும்.

இவ்வளவும் செய்தாலும் பாதி வழக்குகளில் தோற்பாய். ஆளுங்கட்சி என்றில்லை, நம் கோர்ட்டுகளில் எந்த வழக்கிலும் தோல்வி சகஜம். ஆனால் தோற்ற வழக்கிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கட்டைப் பிரித்தால், மறுபடி தொடங்க ஒரு பிடி கிடைக்கும். இன்னொன்றில் எதுவுமே இருக்காது. கூண்டேறியவர் பார்க்கவில்லை என்பார், கேட்க வேண்டியவர் கேட்டிருக்க மாட்டார். தருமபுரிக் கட்டும் தினகரன் கட்டும் முதலில் சரிந்தவைதான். பின்னால் யாரோ எடுத்து நிமிர்த்த முடிந்தது. நிமிர்த்தவே முடியாதபடி சரிந்த கட்டுகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, அதனால் உன்னிடம் சொல்லவும் எனக்கு வழியில்லை.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில்: முட்டி மோத வேண்டாம். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் எழுந்து நில், கேட்க வேண்டியதைக் கேள், எழுத வேண்டியதை எழுது. "எப்படியும் விட்டுருவாங்க" என்பது நடந்தால் நடக்கட்டும். விட்டவர்கள் பட்டியலில் உன் கையெழுத்து வேண்டாம்.

பணி ஆணை வந்ததும் எந்த ஊர் என்று சொல். அந்தக் கோர்ட்டில் பழைய பெஞ்ச் கிளார்க் யாராவது தெரிந்தவர் இருப்பார், வீடு பார்க்கச் சொல்கிறேன். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். கோபப்பட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா
மதுரை